5600ஜியா, 5600-உடன் தனி கார்டா?

கையில் காசு குறைவு, கேமும் ஆட வேண்டும் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்போம்: கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசர், அல்லது ரைசன் 5 5600 பிராசசருடன் தனியாக ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு.

இரண்டு பிராசசருமே ஏஎம்4 சாக்கெட் உள்ள மதர்போர்டில் உட்காரும்; இரண்டிலும் 6 கோர்தான். 5600ஜியின் வேகா கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமிடம் கடன் வாங்கித்தான் பிழைக்கும். அதனால் 16 ஜிபியை ஒரே ரேமாகப் போடாமல் 8 ஜிபியில் இரண்டாகப் போடுங்கள். இரண்டு ரேமும் சேர்ந்து வேலை செய்வதால் காசே செலவில்லாமல் வேகம் கூடும். வேலரன்ட் மாதிரி லேசான கேம் நன்றாகவே ஓடும். புதிய பெரிய கேம்களில் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கினாலும் மூச்சு வாங்கும்.

ஆர்எக்ஸ் 6600-க்குத் தனியாக 8 ஜிபி உண்டு, 1080பிக்குத் தாராளம். ஆனால் 5600-இல் உள்கிராஃபிக்ஸ் இல்லை. கார்டு வரும்வரை மானிட்டர் கறுப்புதான்.

சரி, இப்போது 5600ஜி, அப்புறம் கார்டு என்றால்? கார்டு பேசும் பாதையான பிசிஐஇ-யில் 5600ஜி பழைய 3.0-வோடு நின்றுவிடும், பிராசசருக்குள் இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷும் 16 எம்பிதான், 5600-இல் 32. சில மாதங்களில் கார்டு வாங்க முடியுமென்றால் நான் பொறுத்திருந்து 5600-தான் வாங்குவேன். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) மட்டும் அந்தக் கார்டை மாட்டிவிடாதீர்கள்.