மீன் மெலிந்திருந்தால் வூஸ்டர், கொழுத்திருந்தால் காஃப்லி

சீனப் படங்களைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர்கள் அச்சிட்ட நீல-வெள்ளைப் பீங்கானில், ஆளைக் குழப்புவதில் 'மீனவன்' படத்தை மிஞ்ச எதுவும் இல்லை. படகில் நின்றுகொண்டு ஒருவன் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டுகிறான்; பாறை மேல் ஒரு நீர்க்காகம். 1780களையொட்டி வூஸ்டர், காஃப்லி என்ற இரண்டு ஆலைகளுமே இந்தப் படத்தைப் போட்டுத் தள்ளின.

இரண்டும் ஒரே சாயலில் இருப்பதில் ஆச்சரியமில்லை. 1751இல் தொடங்கிய வூஸ்டர்தான் மூத்தது. அங்கே செப்புத் தகட்டில் படம் செதுக்கிய ராபர்ட் ஹான்காக், 1774இல் வெளியேறி தாமஸ் டர்னரின் காஃப்லிக்குப் போனார். களிமண் கலவையும் ஏறக்குறைய ஒன்றே: நம் ஊரில் கல்சட்டி செய்யும் மாக்கல்லை இருவருமே அரைத்துச் சேர்த்தார்கள். வேலை முறையும் அப்படியே. தகட்டில் கோபால்ட் மையைத் தேய்த்து, மெல்லிய தாளில் படத்தை எடுத்து, ஒருமுறை சுட்ட பாத்திரத்தில் ஒட்டி, மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து மறுபடி சூளையில் வைப்பார்கள்.

அப்புறம் எப்படிப் பிரிப்பது? பலரும் முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் முத்திரை தேடுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். அச்சுச் சாமானில் வூஸ்டரின் முத்திரை உள்ளே கோடு போட்ட பிறை. காஃப்லியுடையது எஸ் அல்லது சி. மை கொஞ்சம் பரவிவிட்டால் பிறையும் சி எழுத்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். எண்களைச் சீன எழுத்துப்போல வளைத்துப் போட்ட முத்திரைகளை வெகுகாலம் காஃப்லியின் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். ஆலை இருந்த இடங்களைத் தோண்டிச் சில்லுகளைப் பார்த்த பிறகுதான் அவை வூஸ்டர் என்று தெரிந்தது.

படத்தை நம்பலாம். வூஸ்டர் மீனவன் கையில் இருப்பது நீண்டு மெலிந்த மீன்; தூண்டில் நரம்பு தொய்ந்து நெளிந்து கிடக்கும். காஃப்லி மீன் குட்டையாகக் கொழுத்திருக்கும். நரம்பு விறைப்பாக நேராக நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது.

சின்னக் கிண்ணங்களில் தாளை வெட்டி ஒட்டும்போது மீனோ நரம்போ விடுபட்டுப் போயிருக்கலாம். அப்போது விளக்குக்கு நேரே தூக்கிப் பாருங்கள். பொதுவாக வூஸ்டர் இளம்பச்சையாகவும் காஃப்லி ஆரஞ்சு சாயலிலும் ஒளிவிடும். ஆனால் விதிவிலக்குகள் உண்டு, இதை மட்டும் வைத்துப் பணம் கொடுக்காதீர்கள்.

எது மேல் என்றால், செய்நேர்த்தியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆலையின் பெயருக்காக வாங்குகிறவர்கள் வூஸ்டர் பக்கம் போவார்கள், சரிதான். படத்துக்காக வாங்குவதென்றால் நான் காஃப்லியைத்தான் எடுப்பேன். அந்தக் குண்டு மீனைப் பார்த்தால்தான், அவன் அதை அப்படித் தூக்கிக் காட்டுவதில் ஒரு நியாயம் இருப்பதாகப் படுகிறது.