அட்ரஸ் லிஸ்ட் திருத்த செட் எப்படி?

வேலூரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். சங்க மலர், கும்பாபிஷேகப் பத்திரிகை என்று லேபிள் அடிக்க வருஷா வருஷம் அதே பழைய அட்ரஸ் லிஸ்ட்தான் வரும். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போயின, ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டையோடு. லிஸ்ட்டில் மட்டும் எல்லாமே இன்னும் வேலூர் மாவட்டம். சிலவற்றில் வட ஆற்காடு மாவட்டம்கூட உண்டு!

இதைத் திருத்த நான் நம்பியிருப்பது செட் (sed), ஃபைலில் எழுத்தைத் தேடி மாற்றும் ஒரு சின்ன புரோகிராம். லினக்ஸில் காசில்லாமல் கூடவே வருகிறது. 1970களில் பெல் லேப்ஸில் லீ மக்மேன் எழுதியது. மெனு, பட்டன் எதுவும் கிடையாது, கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் ஒரு வரி அடித்தால் வேலை முடிந்தது.

எனக்குப் பிடித்தது, எந்த வரியில் மாற்றணும் என்று சொல்ல முடிவதுதான். ஃபைலில் ஆளுக்கு ஒரு வரி இருக்கணும், அவ்வளவுதான். முதலில் /635802/ என்று ஆம்பூர் பின்கோடு, ஒட்டினாற்போல் ‘மாற்று’ என்று சொல்லும் எஸ் (s) என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் /வேலூர் மாவட்டம்/திருப்பத்தூர் மாவட்டம்/. அந்தப் பின்கோடு உள்ள வரிகள் மட்டும் மாறும், மற்றதைத் தொடாது. ஊர்ப் பெயரை வைத்துத் தேடக் கூடாது. ‘ஆற்காடு’ என்று கொடுத்தால் வேலூர் ஆற்காடு ரோட்டில் இருப்பவரும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குக் குடிபோய்விடுவார். ‘வட ஆற்காடு’ என்று இருக்கும் வரியெல்லாம் அதில் சிக்கும். செட்டுக்கு எழுத்து தெரியும், ஊர் தெரியாது.

திருத்தியதை அது திரையில்தான் காட்டும், ஃபைல் அப்படியே இருக்கும். கட்டளையில் மைனஸ் ஐ (-i) போட்டால்தான் ஃபைலே மாறும், அதற்கப்புறம் அன்டூ கிடையாது. அந்த ஐ-யோடு ஒட்டி புள்ளி வைத்து ஒரு பெயர் கொடுத்தால் பழைய ஃபைலை அந்தப் பெயரில் எடுத்து வைக்கும். அதில்லாமல் நான் என்டர் தட்டுவதில்லை.

தமிழில் ஒரு தொல்லை உண்டு. வேலூர் கொணவட்டத்தின் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே எழுத்தாக, அல்லது முன்னால் கொம்பும் பின்னால் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், செட்டுக்கு வேறு வேறு. பாதி கொணவட்டம் மாறும், மீதி அசையாது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் தேடணும். யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்டான பாமினியில் அடித்த ஃபைல் என்றால் யூனிகோடுக்கு மாற்றும் வரை செட் பக்கமே போக வேண்டாம்.

ஐந்துக்கு நாலு ஸ்டார். பெயருக்குப் பின்னால் இருக்கும் பின்கோடை முன்னால் கொண்டுவர வேண்டுமென்றால் ஆக் (awk) என்ற இன்னொரு டெர்மினல் புரோகிராம் சுலபம். கமாவால் கட்டம் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலில் முகவரிக்குள்ளேயும் கமா வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு லிப்ரே ஆபீஸில்தான் திறக்கிறேன்.