மேல் மாகாணத் திட்டம்: அமைச்சா, ஆணைக்குழுவா, கூட்டுக் கம்பனியா?

கொழும்புக்கும் மேல் மாகாணத்துக்கும் பொருளாதாரத் திட்டம் போடுவதில் நமக்குக் குறையே இருந்ததில்லை. போட்டதை யார் கையில் கொடுப்பது என்பதில்தான் இழுபறி.

2015இல் கண்ட வழி, தனி அமைச்சு. கொழும்பு, கம்பஹா, களுத்துறை மூன்றையும் ஒன்றாகப் பார்க்க மெகாபொலிஸ் அமைச்சு வந்தது. பாட்டலி சம்பிக்க ரணவக்க அமைச்சர். போக்குவரத்து, குப்பை, வீடமைப்பு எல்லாம் ஒரே திட்டத்துக்குள். பரப்பில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வர்த்தமானியில் பிறக்கும் அமைச்சு வர்த்தமானியிலேயே மறையும். 2019இல் ஆட்சி மாறியதும் அதுவும் போனது. மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பான் கடனில் வரவிருந்த இலகு ரயிலை அடுத்த வருடம் அமைச்சரவை கைவிட்டது. காலையில் அந்த வழியிலுள்ள ராஜகிரியவில் பஸ்ஸுக்குள் நசுங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கொழும்பில் கடலை நிரப்பி உருவாக்கிய துறைமுக நகரத்தை நடத்தும் ஆணைக்குழு இதற்கு நேர்மாறு. எல்லை வெறும் 269 ஹெக்டயர். ஆனால் 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் பின்னால் நிற்கிறது. கலைப்பதென்றால் பாராளுமன்றம் போக வேண்டும். முதலீட்டாளருக்கு அனுமதியெல்லாம் ஒரே இடத்தில். (புது யோசனை ஒன்றுமில்லை. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்காக வந்த கொழும்புப் பெரும்பாகப் பொருளாதார ஆணைக்குழுவும் இதே வார்ப்புதான்.) சிக்கல் பொறுப்புக்கூறலில். உறுப்பினர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. சட்டமூலத்தின் பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே திருத்தினார்கள். காலிமுகத்திடலை ஒட்டிக் கிடக்கும் இடம், மாநகர சபை வாக்காளருக்கோ அதில் குரல் இல்லை.

மூன்றாவது, கூட்டுக் கம்பனி. கொழும்புத் துறைமுகத்தின் மேற்குக் கொள்கலன் முனையத்தில் இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு 51 வீதம், உள்ளூர் ஜோன் கீல்ஸ் நிறுவனத்துக்கு 34, துறைமுக அதிகார சபைக்கு 15. முனையம் 35 வருடத்துக்கு அவர்கள் கையில். 2021இல் கையெழுத்தாகி 2025இல் இயங்கத் தொடங்குவதற்குள் நாடு மூன்று ஜனாதிபதிகளைப் பார்த்துவிட்டது, வேலை நிற்கவில்லை. சரி, ஆனால் முனையக் கம்பனி முனையத்தைத்தான் பார்க்கும். கொள்கலன் லொறிகள் வெளியே வந்து எந்த வீதியை அடைக்கின்றன என்பது அதன் கணக்கில் வராது.

என் தெரிவு ஆணைக்குழுதான். ஆனால் மூன்று மாவட்டத்துக்குமாக, மாநகர சபைக்கும் மாகாண சபைக்கும் சட்டப்படி ஆசனம் வைத்து. துறைமுகம் போன்ற தனி வேலைகளை அதன் கீழ் கம்பனிகளிடம் விடலாம். மாகாண சபை ஆசனத்தில் உட்கார ஆள் வேண்டுமே என்றால், 2019இல் பதவிக்காலம் முடிந்த சபைக்கு முதலில் தேர்தல் வைக்கட்டும்.