அவசர மருத்துவச் சொல்லட்டைகள்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

இதய நோயாளியான தந்தையை வீட்டில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு வந்தபோது, நோயைவிட மருந்துச் சீட்டுதான் எங்களை அதிகம் அச்சுறுத்தியது. அதில் ஒரு மாத்திரைக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருந்தது. உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டுமே கொடுக்க வேண்டியது போலும் என்று எண்ணிய என் தம்பி, அதைத் தனி டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். அது பாராசிட்டமால். 'சி ஓபுஸ் சிட்', அதாவது 'தேவைப்பட்டால்' என்னும் லத்தீன் தொடரின் சுருக்கமே அந்த மூன்றெழுத்து என்று பின்னர் தெரிந்துகொண்டோம். இந்த அட்டைத் தொகுப்பை வாங்கியது அதற்குப் பிறகுதான்.

உள்ளங்கையளவு அட்டைகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. முன்பக்கம் சொல், பின்பக்கம் விளக்கம். மருந்தை உடலுக்குள் செலுத்தும் வழிகளைப் பற்றிய பகுதிக்காகவே இதை வாங்கலாம் என்பேன். நெஞ்சுவலிக்குத் தரப்படும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை ஏன் நாக்கின் அடியில் வைக்க வேண்டும் என்பதற்கு, விழுங்கினால் இரத்த ஓட்டத்தில் கலக்கும் முன்பே கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும் என்ற காரணம் இரண்டே வரிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றக்கூடும் என்பதால் நோயாளியை உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பும் கூடவே உண்டு. அட்ரினலின் என்ற ஒரே மருந்து, கடும் ஒவ்வாமையில் தொடைத் தசையிலும் இதயநிறுத்தத்தில் பெரும்பாலும் சிரை என்னும் இரத்தக் குழாய் வழியாகவும் செலுத்தப்படுவதை அடுத்தடுத்த அட்டைகளில் வைத்திருப்பதும் நல்ல யோசனை.

மாரடைப்பையும் இதயநிறுத்தத்தையும் பேச்சில் ஒன்றாகவே வழங்குகிறோம். முன்னதில் இதயத் தசைக்கு இரத்தம் செல்லும் பாதை அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு வலியைச் சொல்வார். பின்னதில் இதயம் இரத்தத்தை வெளியேற்றுவதே நின்றுவிடுவதால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இந்த வேறுபாட்டை அட்டை தெளிவாகக் காட்டுகிறது. முதலுதவி பற்றிய மற்ற அட்டைகள் சாதாரணமானவை.

குறைகளுக்கு வருகிறேன். 'சிரைவழி உட்செலுத்தல்' என்பது முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. செவிலியர் வாயில் வரும் 'ஐ.வி.' பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. தமிழ்ச் சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் காதில் விழுந்த சொல்லைக் கொண்டு தேட முடியாத அகராதி பதற்றமான நேரத்தில் கை கொடுக்காது.

இதைவிடப் பெரிய பிழை அளவுகளைப் பற்றியது. ஓர் அட்டையில் '1.0 மி.கி.' என்று அச்சிட்டிருக்கிறார்கள். புள்ளி மங்கினால் அது பத்தாகிவிடும் என்பதால், முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூச்சியமும் இடக்கூடாது என்பது மருந்தெழுதுவோர் அறிந்த விதி. இன்சுலின் அட்டையிலும் யூனிட் என்பதை ஆங்கில 'யூ' எழுத்தால் சுருக்கியிருக்கிறார்கள். கையெழுத்தில் அந்த எழுத்து பூச்சியமாகத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும் அபாயம் உண்டு. சொற்குழப்பத்தைத் தீர்க்க வந்த தொகுப்பே அதற்கு இடம் தருவதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பளபளப்பான தாள் இரவு விளக்கில் கண்ணைக் கூசச் செய்கிறது என்பதெல்லாம் இதன் முன் சிறிய விஷயம்.

இருந்தும் அட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. அந்தப் பூச்சியத்தின் மேல் கறுப்பு மார்க்கரால் தீட்டிவிட்டேன், 'யூ' இருந்த இடத்தில் 'யூனிட்' என்று முழுதாக எழுதினேன். தம்பி வளையத்தைக் கழற்றி, 'ஐ.வி.', 'எஸ்.ஓ.எஸ்.', 'ஸ்டாட்' (உடனடியாக) என்று மருத்துவமனையில் காதில் விழும் பெயர்களை முன்பக்கத்தில் ஒட்டி வரிசையை மாற்றியிருக்கிறான். முதல் அட்டை எது என்று சொல்லத் தேவையில்லை.