மூளைக் கட்டி நோயாளிகளுக்கான துணைச் சேவை: ரேடியேஷன் முடியும் வரை அருமை, அதற்கப்புறம்?

அண்ணனுக்கு வந்திருப்பது கிளையோபிளாஸ்டோமா, அதாவது மூளையில் வேகமாக வளரும் புற்றுநோய்க் கட்டி என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததுமே, அறுவை செய்த மருத்துவமனை எங்களைத் தன் துணைச் சேவையில் சேர்த்துவிட்டது. ஒரு ஒருங்கிணைப்பு நர்ஸ், அவருக்கென்று ஒரு போன் எண், வாரம் ஒருமுறை குடும்பங்கள் கூடிப் பேசும் கூட்டம், ஒரு தடித்த ஃபைல், இவ்வளவுதான் சேவை. மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி ஒன்றில் சேரச் சொல்லி உங்களிடமும் படிவம் நீட்டியிருந்தால், உள்ளே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொள்ள இது உதவலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த சிஸ்டர்தான் சேவையே. டாக்டர் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தால் பாதி நினைவில் இருக்காது, அந்தப் பாதியை அவர் உட்காரவைத்துத் திரும்பச் சொல்வார். ரேடியேஷன் வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், மொத்தம் 30 முறை. ஆனால் கூடவே போகும் டெமோசோலமைடு என்ற கீமோ கேப்ஸ்யூல் சனி, ஞாயிறும் உண்டு, வெறும் வயிற்றில், வாந்தி வராமலிருக்கத் தரும் மாத்திரையை முன்னாடியே போட்டுவிட்டு. அண்ணனுக்கு விழுங்கச் சிரமமாக இருந்தபோது, பிரித்துத் தண்ணீரில் கலந்து தரலாமா என்று அண்ணி கேட்டார். "திறக்கவே கூடாது, அந்தத் தூள் உங்க கையிலயும் படக்கூடாது, மூச்சுலயும் போகக்கூடாது" என்று சொல்லி, அன்றே டாக்டரிடம் பேசி வழி செய்தார். தலை அசையாமல் பிடிக்க முகத்துக்கு அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்வார்கள் இல்லையா, அதற்கு முந்தின நாளே ஒரு பழைய மாஸ்க்கை அண்ணன் கையில் கொடுத்துப் பார்க்கவிட்டார். இனி வண்டி ஓட்டக் கூடாது என்பதை அண்ணி வாயால் சொல்லவைக்காமல் டாக்டரையே சொல்லவைத்தார். சின்ன விஷயம்தான், ஆனால் வீட்டில் ஒரு பெரிய சண்டை தவிர்ந்தது.

எங்களை உண்மையில் காப்பாற்றியது ஒரு நோட்டு. மூளை வீக்கத்துக்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். தூக்கம் போச்சு, ஓயாத பசி, ராத்திரியெல்லாம் அலமாரியைக் கலைத்து அடுக்குவது, யார் எது கேட்டாலும் எரிந்து விழுவது. அண்ணன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. சிஸ்டர் சொன்னது இதுதான்: ஸ்டீராய்டு இப்படிச் செய்யும், வலிப்புக்குத் தரும் லெவெடிரசெட்டமும் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும், கட்டி நெற்றிப் பக்கம் இருந்தால் அதுவே குணத்தை மாற்றும், எது எதனால் என்று ஊகிக்காதீர்கள், மாத்திரை போட்ட நேரத்தையும் கோபம் வந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். எழுதினோம். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் ஸ்டீராய்டின் இரண்டாவது வேளையை மதியத்துக்கு மாற்றினார், வலிப்பு மருந்தையும் மாற்றினார். அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப அண்ணன் ஆனார். ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள் என்று சிஸ்டர் ஒவ்வொரு போனிலும் சொல்வார், எங்களுக்கே அலுத்துவிட்டது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதை அண்ணன் மகன் உட்பட எல்லோருக்கும் செய்துகாட்டினார்கள்.

இனி குறைகள். அந்த ஃபைல் வீண். முடி கொட்டும், வாந்தி வரும் என்று எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவாக எழுதியது. பேச நினைக்கும் சொல் வாய்க்கு வராதவரிடம் எப்படிப் பேசுவது, மறதியை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு வரி இல்லை. நாங்களே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டோம்: ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடிகிற கேள்வி, டிவி ஓடாத அறை, அவர் தேடும் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பது.

கூட்டத்தில் நோயாளியையும் குடும்பத்தையும் ஒன்றாகவே உட்காரவைக்கிறார்கள். இது எந்தப் புத்திசாலியின் யோசனையோ தெரியவில்லை. அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது, இன்னும் எவ்வளவு காலம் என்று அண்ணி எப்படிக் கேட்பார்? கவனித்துக்கொள்பவர்களுக்கு அரை மணி நேரமாவது தனியாக வேண்டும்.

பெரிய குறை, ரேடியேஷன் முடிந்ததும் சேவையும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தினமும் பார்த்த முகங்கள் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன, "அடுத்த ஸ்கேனுக்கு வாங்க" என்பதோடு சரி. உடம்பு அசந்துபோவது அதற்கப்புறம்தான் அதிகமானது, அண்ணன் பகலெல்லாம் தூங்கினார், கட்டி திரும்ப வளர்கிறதோ என்று பயந்து கிடந்தோம். அப்புறம் முதல் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நேராக மொபைலுக்கு வந்தது, விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல், கட்டி பெரிதாகத் தெரிகிறது என்று. ரேடியேஷன் முடிந்த முதல் மூன்று மாதத்தில் சிகிச்சையின் விளைவாகவே ஸ்கேனில் அப்படித் தெரியலாம், அடுத்தடுத்த ஸ்கேனை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று பிறகுதான் டாக்டர் விளக்கினார். இந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். 28 நாளில் 5 நாள் மட்டும் கீமோ, இடையிடையே ரத்தப் பரிசோதனை என்று மாதக்கணக்கில் ஓடும் கட்டம் அது, அப்போதுதான் போனை எடுக்க ஆள் தேவை.

வலி, தூக்கம், மனசு எல்லாவற்றையும் பார்க்கும் பாலியேட்டிவ் குழுவையும் மிகத் தாமதமாகத்தான் அறிமுகம் செய்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் குடும்பம் பயந்துவிடும் என்று நினைத்தார்களாம். சிகிச்சையோடு சேர்த்து முதலிலிருந்தே அவர்களைப் பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் நாங்களே கேட்டு வாங்கியிருப்போம்.

ஐந்துக்கு மூன்றரை. சேருங்கள், ஆனால் முதல் நாளே இரவில் எந்த எண்ணைக் கூப்பிடுவது, ரேடியேஷன் முடிந்தபின் எங்களை அழைப்பது யார், ஸ்கேன் முடிவை யார் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிஸ்டருக்கு மட்டும் தனியாக மார்க் போடலாம் என்றால் ஐந்துக்கு ஐந்துதான். ஆனால் அவர் லீவு போட்டால் அந்த போனை எடுக்க இன்னொருவரை வைக்கவில்லையே, அந்த அரை மார்க்கைச் சேவையிலிருந்து கழித்துத்தான் இந்த மூன்றரை.