மெசி 35: மூடியைத் தூக்கினால் மூன்றா, நாலா?

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் பழைய மெசி 35 (மெசி பெர்குசன்) ட்ராக்டர் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெயின்டையும் சில்லையும். இஞ்சின் என்ன என்று கேட்டால் "பெர்கின்ஸ்தான்" என்று பட்டென்று பதில் வரும். எந்தப் பெர்கின்ஸ் என்று கேளுங்கள், அங்கேதான் பேச்சு நிற்கும்.

35 மாடலில் டீசல் இரண்டு விதம். முதலில் வந்தது ஸ்டாண்டர்ட் கம்பனியின் 23சி: நாலு சிலிண்டர், ஏறக்குறைய 2.26 லீட்டர். 1959 கடைசியில் பெர்கின்ஸ் கம்பனியின் மூன்று சிலிண்டர் 3.152 அதன் இடத்தைப் பிடித்தது, இது 2.5 லீட்டர். 152 என்பது கன அங்குலக் கணக்கு. பிறகு வந்த மெசி 135உம் இதே 3.152 குடும்பத்தோடுதான் ஓடியது. அதனால் 135இன் இஞ்சினை 35க்கு ஏற்றுவது அப்படியொன்றும் அதிசயமில்லை. வண்டியின் வயது இஞ்சினின் வயதைச் சொல்லாமல் போவது இங்கேதான்.

கண்டுபிடிக்க நாலு வழி இருக்கிறது. நாலும் ஒரே தரமல்ல.

பொனட்டை, அதாவது இஞ்சின் மூடியை, நம்பவே வேண்டாம். கழற்றி மாட்ட அரை மணி போதும், பெயின்டுக்கு ஒரு நாள்.

டேஷ்போர்டில் உள்ள தகட்டைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். அதில் எஸ்டிஎம் என்று தொடங்கினால் நாலு சிலிண்டர் டீசலோடும், எஸ்என்எம் என்றால் மூன்று சிலிண்டரோடும் தொழிற்சாலையை விட்டு வந்தது. நடுவில் உள்ள டி அல்லது என் தான் விஷயம். ஆனால் தகடு சொல்வது வண்டி பிறந்தபோது இருந்த நிலையை. இன்று உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. வாகனப் புத்தகமும் அப்படித்தான்: யாரோ இஞ்சின் மாற்றி, புத்தகத்தில் திருத்தாமல் விட்டிருந்தால் அந்தச் சிக்கல் வாங்கினவர் தலையில்தான் விழும்.

மூன்றாவது, எண்ணிப் பார்ப்பது. எனக்குப் பிடித்தது இது. மூடியைத் தூக்கி, டீசல் பம்ப்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நொசில்களுக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களை எண்ணுங்கள். நாலு என்றால் 23சி, பேச்சு முடிந்தது. ஓட விட்டுக் காதாலும் பிடிக்கலாம். ஒரு சுற்றுக்கு நாலு சிலிண்டர் இரண்டு தரம் வெடிக்கும், மூன்று சிலிண்டர் ஒன்றரைத் தரம்தான். தாளம் கொஞ்சம் தள்ளாடும். சைலன்சர் ஓட்டையாக இருந்தால் மட்டும் காதை நம்பாதீர்கள்.

மூன்று குழாய் இருந்தால் வேலை இன்னும் இருக்கிறது. போர்ட்சன் டெக்ஸ்டா என்ற இன்னொரு ட்ராக்டரின் இஞ்சினும் பெர்கின்ஸ் செய்த மூன்று சிலிண்டர்தான், ஆனால் 144 கன அங்குலம். அதன் சிம்ஸ் கம்பனிப் பம்ப்பில் குழாய்கள் ஒரே வரிசையில் ஏறும், 3.152இன் சிஏவி கம்பனி டிபிஏ பம்ப்பில் வட்டத் தலையைச் சுற்றிக் கிளம்பும். சென்னை ட்ராக்டர் கம்பனி டாஃபேயின் மெசி 1035இல் வந்த சிம்ப்சன் இஞ்சினும் பெர்கின்ஸ் வழி மூன்று சிலிண்டர்தான். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும்.

கடைசி வழி, பிளாக்கில் குத்திய நம்பர். பம்ப்புக்குப் பக்கத்தில், சீவி மட்டமாக்கிய பரப்பில் பாருங்கள். வருசக் கணக்கில் சேறும் எண்ணெயும் இறுகியிருக்கும். டீசல் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வெள்ளைச் சோக்கைக் குறுக்கே தேய்த்தால் பள்ளமான எழுத்து கறுப்பாகத் தெரியும். கிறைண்டர், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். எழுத்து அழிந்தால் விற்கும்போது கள்ளவண்டி என்பார்கள். இன்னொன்று: வார்ப்பில் புடைத்து நிற்கும் எண்கள் இஞ்சின் நம்பர் அல்ல. குத்திய பள்ளம்தான் நம்பர். பழைய 3.152இல் 152யூஏ என்ற தொடக்கத்தைப் பார்க்கலாம். சிஇ என்று தொடங்கினால் அது 1974க்குப் பிந்திய முறை, அதாவது பிரிட்டனில் 1964இலேயே உற்பத்தி நின்றுபோன 35க்குள் பிறகு வந்து குந்திய இஞ்சின். அதற்காக அதை வேண்டாமென்று சொல்லமாட்டேன். பாகம் கிடைக்கும் இஞ்சின் அது.

எனக்கென்றால் 23சியை விட 3.152தான். 23சி குளிரில் எழும்ப அடம்பிடிப்பதில் பேர்போனது. திருகோணமலை வெயிலில் அது பெரிய குறையில்லை. ஆனால் அதன் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் உறையை, சுற்றித் தண்ணீர் ஓடும், அடிச்சீல் போனால் தண்ணீர் நேரே ஆயிலுக்குள் இறங்கும். பெர்கின்ஸில் உலர் லைனர், அந்தப் பயம் இல்லை.

நம்பரே வாசிக்க முடியாமல் தேய்ந்து, ஹெட் கழற்றிக் கிடந்தால் வேர்னியர் அளவுகோலை எடுங்கள். சிலிண்டர் துளை 84 மில்லிமீட்டரை ஒட்டினால் 23சி, 89 என்றால் டெக்ஸ்டாவின் 144, 91.4 என்றால் 152. லைனர் தேய்ந்திருக்கும், மேல் விளிம்பில், ரிங் படாத இடத்தில் அளக்க வேண்டும். அளவை எழுதிக்கொண்டு பிறகு பார்ட்ஸ் கடைக்குப் போங்கள்.