பழைய மணியா, புது மணியா? துணி நகையில எதை எங்க வைக்கலாம்

ஒரு அக்கா வீட்டுக்கு வந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணை மேஜை மேல வெச்சாங்க. அவங்க அம்மா போனதுக்கு அப்புறம் பீரோவை ஒழிக்கும்போது கிடைச்சதாம். தட்டுல கொட்டிப் பாத்தா அறுந்துபோன கருகமணி, கொஞ்சம் பவளம், நீலமும் பச்சையுமா கண்ணாடி மணிங்க, சிப்பி பட்டன் நாலு, ஓட்டைக் காலணா ஆறு, கூடவே பேப்பர்ல சுத்தின ஒரு முழம் பட்டுப்புடவை பார்டர். "இதை வெச்சு கழுத்துக்கு ஒண்ணு பண்ணிக் குடும்மா, முழுக்க இதுலயே பண்ண முடியுமா, இல்ல புது மணி வாங்கிச் சேக்கணுமா"ன்னு கேட்டாங்க. துணி நகை, எம்ப்ராய்டரி பண்ற எல்லார்கிட்டயும் வர்ற கேள்விதான் இது, அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதிடறேன்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். இழுபடற இடம், உரசற இடம், ஒரே அளவுல வரிசையா வரவேண்டிய இடம் எல்லாத்துக்கும் புது மணி. பாக்கறவங்க கண்ணு போய் நிக்கற இடத்துக்குப் பழசு. ஆனா பழசை எங்க வெச்சாலும் நூலை அறுத்தா அது முழுசா கைக்குத் திரும்பி வரணும், இதுல மட்டும் நான் விட்டுக் குடுக்கறதே இல்ல.

புது மணியிலயே மூணு ஜாதி இருக்கு. ஜப்பான் மணி, செக் குடியரசு நாட்டுலேர்ந்து வர்ற செக் மணி, அப்புறம் நம்ம மார்க்கெட்ல பாக்கெட் பாக்கெட்டா கிடைக்கற மணி. சைஸ் நம்பர் புரியாம குழம்பறவங்களுக்கு: 11/0ன்னா கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர், 8/0ன்னா 3, 6/0ன்னா 4, அதாவது நம்பர் ஏற ஏற மணி சின்னதாகும். ஜப்பான்ல மியுகி, டோஹோ ரெண்டும் பெரிய பேரு. மியுகியோட டெலிகா மணி உருண்டையா இருக்காது, குட்டி குழாய்த் துண்டு மாதிரி இருக்கும், சுவரு மெல்லிசு, துளை பெருசு, ஒண்ணுக்கு ஒண்ணு அளவு மாறவே மாறாது. நெய்யற மாதிரி பட்டையா பண்ற வேலைக்கு இதை அடிச்சுக்க எதுவும் இல்ல. ஒரு கணக்கு சொல்றேன், 1 கிராம்ல கிட்டத்தட்ட 200 மணி இருக்கும், 2 சென்டிமீட்டர் அகலத்துல 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை பண்ண சுமார் 1,440 மணி, அதாவது 7 கிராம் சொச்சம்தான். விலை கூடதான், ஆனா கிராம் கணக்குல பாத்தா பயந்த அளவுக்கு இருக்காது. பழைய மணியில ஒரே மாதிரி 1,440 எங்க போய்ப் பொறுக்கறது?

செக் மணி கொஞ்சம் தட்டையா, நடுவுல பிதுங்கின வடை மாதிரி இருக்கும், அளவும் லேசா முன்னப்பின்ன இருக்கும். அது குறைன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல, ஏன்னா துணி மேல தைக்கும்போது அந்தச் சின்ன ஏத்த இறக்கம்தான் கைவேலைன்னு காட்டும். கொடி, இலை, வளைவுக்கெல்லாம் செக் மணி துணியோட படிஞ்சு உக்காரும், டெலிகா விறைப்பா நிக்கும். இன்னொரு வசதி, இது சரம் சரமா கோத்தே வரும், அப்படியே நூலுக்கு மாத்திக்கலாம். துளை சின்னதா இருக்கறதால கொக்கி முனை இருக்கற ஆரி ஊசி போகாது, மணி ஊசிதான் எடுக்கணும்.

பாக்கெட் மணியை நான் ஒதுக்கல, ப்ளவுஸ் ஆரி வேலை பாதி அதுலதான் ஓடுது. ஆனா சாயத்தைச் சோதிக்காம தைக்காதீங்க. நான் ஒரு தடவை ரோஸ் கலர் மணி வாங்கி சந்தனக் கலர் பழைய பட்டு மேல ரெண்டு நாள் உக்காந்து தைச்சேன், ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போனவங்க வேர்வையில அந்த ரோஸ் இறங்கி பட்டுல திட்டு திட்டா பிடிச்சுக்கிச்சு, மணியைப் பிரிச்சுட்டேன், கறை போகல. அந்தப் பட்டு அவங்க பாட்டியோட கூறைப்புடவைத் துண்டு. அன்னிலேர்ந்து எந்த மணியா இருந்தாலும் பத்து எடுத்து ஈர வெள்ளைத் துணியில முடிஞ்சு ஒரு ராத்திரி வெச்சுடுவேன், காலையில நெயில்பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால ஒரு தேய்ப்பு. ரெண்டுலயும் கலர் வரலன்னாதான் துணிகிட்ட போகும். தங்கக் கலர் மணியில இன்னும் உஷாரா இருக்கணும், மேல் பூச்சு உரிஞ்சு உள்ள வெறும் கண்ணாடி தெரியும். மியுகியிலயே டியூராகோட்னு வர்றது கொஞ்சம் தாங்கும்.

இப்போ பழசுக்கு வர்றேன். அந்தத் தட்டுல இருந்த கருகமணியை ஒவ்வொண்ணா லென்ஸ் வெச்சுப் பாத்தேன். தூரத்துலேர்ந்து எல்லாம் கருப்பு, கிட்ட வெளிச்சத்துல பிடிச்சா சிலது கருநீலம், சிலது காப்பிக்கொட்டை கலர். துளை நடுவுல இல்ல, ஒரு ஓரமா போகுது. சிலதுல துளை வாய் கத்தி மாதிரி இருக்கு, பல வருஷம் கழுத்துல கிடந்ததுல வழவழன்னு தேஞ்சு போனது கொஞ்சம். அந்தக் கூரான வாய்தான் நூலை அறுக்கும், பாட்டி காலத்து மணிமாலை சும்மா இருக்கும்போதே பொலபொலன்னு கொட்டறதுக்குக் காரணம் இதுவும் மக்கிப்போன பருத்தி நூலும்தான். கருகமணியைத் தாலியோட சேத்துக் கோக்கற குடும்பங்களும் இருக்கு, முஸ்லிம் வீடுகள்ல நிக்காஹ்ல கட்டறதும் கருகமணிதான், அதனால யாராவது இதைக் கொண்டுவந்தா முதல்ல எந்த வழக்கத்துல இருந்ததுன்னு கேட்டுக்கறது நல்லது. சிலர் அதை நகையில திரும்பப் போட விரும்ப மாட்டாங்க.

பவளம் வந்தா புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் கிட்ட கொண்டுபோகாதீங்க, அது சுண்ணாம்புச் சத்து, அமிலம் பட்டா அரிச்சு மேல் பளபளப்பு போயிடும். சென்ட்டும் ஆகாது. சிப்பி பட்டனுக்கும் இதே கதைதான். பட்டன் சிப்பியா ப்ளாஸ்டிக்கானு கன்னத்துல வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும், சிப்பி ஜில்லுனு இருக்கும், பின்பக்கம் பழுப்பா சொரசொரப்பு கூட இருக்கலாம். புது ப்ளாஸ்டிக் பட்டனோட ஒப்பிட்டா சிப்பி எல்லா விதத்துலயும் மேல, இதுல யோசிக்கவே வேண்டாம்.

ஓட்டைக் காலணா எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம். 1943லேர்ந்து 1947 வரைக்கும் அடிச்ச காசு, நடுவுல பெரிய ஓட்டை, வெண்கலம், ஒண்ணு 2 கிராம்தான். யாரும் துளை போட வேண்டாம், ஓட்டையைச் சுத்தி நூலால காஜா எடுக்கற மாதிரி தைச்சா துணியோட ஒட்டி உக்காரும், நடுவுல ஒரு 6/0 மணி வெச்சா பூ மாதிரி ஆயிடும். இதுக்குப் போட்டியா கடையில "ஆன்ட்டிக்" காசுன்னு புதுசா அச்சடிச்ச தகடு வருது, அது சீக்கிரமே கருத்து முலாம் போயிடும், தோல்ல அரிப்பும் வரும். காலணாவும் வேர்வை பட்டா பச்சை பூக்கும், ஆனா பின்னாடி பருத்தித் துணி வெச்சுட்டா தோல்ல படாது. இப்போ புழக்கத்துல இருக்கற காசை வெட்டி துளை போட்டு நகை பண்றவங்களையும் பாக்கறேன், அதைப் பண்ணாதீங்க, 2011 நாணயச் சட்டப்படி அது குத்தம்.

பார்டர்தான் பழசுல ராஜா. அசல் ஜரிகையில சிவப்புப் பட்டுநூல் மேல வெள்ளித் தகட்டைச் சுத்தி தங்க முலாம் பூசியிருப்பாங்க, வெட்டின ஓரத்துலேர்ந்து ஒரு இழை உருவி நகத்தால சுரண்டினா உள்ள சிவப்பு தெரியும். உள்ள வெள்ளையா வழவழன்னு இருந்தா இமிடேஷன், செம்பு மாதிரி இருந்தா டெஸ்டட், அதாவது வெள்ளிக்குப் பதிலா செம்புக் கம்பி சுத்தின ஜரிகை. "பழைய பட்டு, ஜரிகை வாங்குறது"ன்னு தெருவுல கூவிட்டு வர்றவங்க வாங்கிப் போறது எரிச்சு வெள்ளி எடுக்கத்தான். கைத்தறியில மாசக்கணக்கா நெய்த யானையும் அன்னமும் ருத்ராட்சக் கரையும் ஒரு வாணலியில சாம்பலா போறதை நினைச்சா எனக்கு மனசே ஆறாது. குடுக்கறதுக்கு முன்னாடி பார்டர்ல ஒரு முழமாவது வெட்டி வெச்சுக்கோங்க.

கடையில மீட்டர் கணக்குல வர்ற ஜரிகை லேஸ் துவைக்கலாம், இழுக்கலாம், எவ்வளவு கனமான மணியும் தைக்கலாம். பழைய பார்டர் அப்படித் தாங்காது, பட்டு மடிப்பு மடிப்பா விட்டுப்போயிருக்கும், ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா மடிப்புல ஊசிமுனை ஊசிமுனையா வெளிச்சம் வரும். அங்க மணி வெச்சா கிழியும். நான் பின்னாடி மல் துணி வெச்சு முழுக்க ஓட்டுத்தையல் போட்டு, அந்தப் பின்துணியில முடிச்சு பிடிக்கற மாதிரிதான் மணி தைப்பேன், அப்போ எடை மல் துணி மேல இறங்கும், பட்டு சும்மா முகம் காட்டிட்டு இருக்கும். அயர்ன் பண்ணி ஒட்டற கேன்வாஸ் வேணவே வேணாம்.

கிளாஸுக்கு வர்ற பொண்ணு ஒருத்தி, "எதுக்குக்கா இவ்ளோ பாடு, ஃபேப்ரிக் க்ளூ வெச்சு ஒட்டினா அஞ்சு நிமிஷ வேலை"ன்னா. அவகிட்ட ஒட்டின பழைய பீஸ் ஒண்ணைக் காட்டினேன். பசை மஞ்சளாயி பட்டுல எண்ணெய் இறங்கின மாதிரி பரவியிருந்துச்சு, மணியைப் பிரிச்சா துளைக்குள்ள பசை போய் இறுகி ஊசியே நுழையல. "இந்த மணி அறுபது வருஷம் மூணு கழுத்துல இருந்திருக்கும்மா, இன்னொரு கழுத்துக்குப் போக முடியாம நாம அடைச்சுட்டோம்"னேன். அதுக்கு அப்புறம் அவ க்ளூவைத் தொடல.

பழசுன்னாலே நல்லதுன்னு எதையும் வாங்கிடாதீங்க, இதுல எனக்கு நிஜமாவே கோவம் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, 1945ல மார்ட்டிமர் வீலர்ங்கற தொல்லியல் ஆய்வாளர் தோண்டின இடம். ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி அங்க கண்ணாடிக் குழாயை இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, திரும்ப சூடாக்கி ஓரம் மழுக்கி மணி பண்ணியிருக்காங்க, இந்தோ பசிபிக் மணின்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றது இதைத்தான், தென்கிழக்கு ஆசியா வரைக்கும் போயிருக்கு. செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, கடுகு சைஸ்ல அவ்ளோ அழகு. மழை பெஞ்சா மண்ணுலேர்ந்து மேல வரும், அதைப் பொறுக்கி விக்கறதும் வாங்கி நகையில வெச்சு பெருமையா போடறதும் நடக்குது. தொல்லியல் துறை பாதுகாக்கற இடம் அது. எந்த அடுக்குல எதோட கிடந்துச்சுங்கறதுதான் அந்த மணியோட கதை, பொறுக்கின உடனே கதை போச்சு.

அதுக்கு மாத்து இல்லையான்னா, அருமையா இருக்கு. திருப்பதி பக்கத்துல ஏர்ப்பேடுகிட்ட பாப்பாநாயுடுபேட்டைன்னு ஒரு ஊர். அங்க கண்ணாடியை உருக்கி உலையிலேர்ந்து நீளக் குழாயா இழுத்து, நறுக்கி, சாம்பல்ல புரட்டி சூடு காட்டற அந்த இழுப்பு மணி வேலை நம்ம காலம் வரைக்கும் வந்திருக்கு. அந்த மணியும் ஜப்பான் மணி மாதிரி அச்சு அசலா இருக்காது, ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, ஆனா கலர் கண்ணாடிக்குள்ளயே இருக்கறதால சாயம் இறங்கற பயம் இல்ல. அரிக்கமேட்டு மணிக்கும் இதுக்கும் நடுவுல எதை வாங்கறதுன்னா எனக்குப் பதில் ஒண்ணுதான். பழைய தந்த மணி, தந்த பட்டன் வந்தாலும் நான் தொடறதில்ல, அதை விக்கறது வாங்கறது 1972 வனவிலங்குச் சட்டத்துல தடை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள்ல நிதானமா தேடினா பீங்கான் குமிழ், பித்தளை மணி, கண்ணாடி மணிச் சரம்னு ஏதாவது அகப்படும், ஆனா பழசுன்னு சொல்றதெல்லாம் பழசு இல்ல. எல்லா மணியோட துளையும் ஒரே மாதிரி புதுசா இருந்தா சந்தேகப்படுங்க. பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கண்ணாடியில ஈயமோ காட்மியமோ இருக்கலாம், வாயில வைக்கற வயசுக் குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு அதைக் குடுக்காதீங்க.

நூலைப் பத்தி ரெண்டு வரி. கடையில பாதி பேர் தூண்டில் நரம்பு குடுப்பாங்க, அது துணியில மடங்காது, நாளாக நாளாக நொறுங்கும். பழைய மணிக்கு மெழுகு தடவின பட்டுநூல், ஒவ்வொரு மணிக்கும் நடுவுல ஒரு முடிச்சு, அறுந்தாலும் ஒண்ணுதான் விழும். கூர்வாய் மணிக்கு ரெண்டு பக்கமும் ஒரு 15/0 ஜப்பான் மணியை வெச்சுட்டா முடிச்சு அந்த வழவழப்பு மேல உக்காரும்.

அந்த அக்காவோட வேலை இப்படித்தான் முடிஞ்சுது. பார்டர்ல விடாத பக்கம் ஒரு சாண் எடுத்து மல் வெச்சு நடுப்பகுதி, அதுல அஞ்சு காலணா வரிசையா, ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு பவளம். ஓரத்துக்கு செக் மணி ரெண்டு வரிசை. கழுத்தைச் சுத்தி மேல போற பட்டை முழுக்க கருப்பு டெலிகா, ஏன்னா அங்கதான் வேர்வையும் உரசலும் இழுப்பும். கருகமணியை அது நடுவுல கலக்கல, கீழ குஞ்சமா தொங்க விட்டேன், ஆடும்போது அந்தக் கருநீலம் தெரியும். கொக்கிக்குப் பதிலா சிப்பி பட்டன் ஒண்ணு. பின்பக்கம் பழைய சாமான் பிடிச்சிருக்கற நூல் எல்லாத்தையும் சிவப்புல முடிஞ்சிருக்கேன், எப்போ பிரிக்கணும்னாலும் சிவப்பை மட்டும் அறுத்தா போதும்னு சொன்னேன். மிச்சம் ஒரு காலணா, மூணு பட்டன், 63 கருகமணி, நீலம் பச்சை அத்தனையும், வெட்டாத பார்டரும் அதே ஹார்லிக்ஸ் பாட்டிலோட அவங்க கையில.